சம்பளச் சீட்டுக்குப் பதில் போன கடிதம்

மூன்று வருடங்களுக்கு முன், பத்து பெரண்டாம் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் நான் கிளார்க்காக இருந்தபோது நடந்தது இது. மாதக் கடைசியில், சம்பளச் சீட்டு அச்சடிக்கும் மென்பொருள் மக்கர் பண்ணியது. அதைப் பயன்படுத்துகிறவர்கள் சந்தேகம் கேட்க இணையத்தில் ஒரு ஃபோரம் உண்டு. திரையில் வந்த பிழையைப் படம் பிடித்து, 'பிரச்னை 1' என்று பெயர் வைத்து அங்கே இணைத்தேன்.

என் கம்ப்யூட்டரில் 'பிரச்னை 2' என்றும் ஒன்று இருந்தது. மேனேஜர் மேல் ஆத்திரம் வந்த ஒரு மத்தியானம் எழுதிய ராஜினாமாக் கடிதம். கொடுப்பதற்காக எழுதியதல்ல. வீட்டுக்குக் கிளம்பும் நேரம் பார்த்து மீட்டிங் வைப்பது, அதில் தன் டுரியான் மரங்களின் கதையை அளப்பது என்று, அவர் பெயர் போட்டு ஒன்பது புகார்கள்.

அந்த ஃபோரமில் என்ன இணைத்தாலும் ஃபைலின் பெயர் தெரியாது, ஒரு பேப்பர் கிளிப் படம் மட்டும்தான் தெரியும். பதிவு போனபிறகு திறந்து பார்த்தேன். போயிருந்தது பிரச்னை 2. நீக்கலாம் என்றால் அதற்குப் பொத்தானே இல்லை. ஃபோரமைக் கவனிக்கும் நிர்வாகிக்கு, அதை நீக்கச் சொல்லி அவசரமாக ஒரு வரி எழுதினேன்.

அதற்குள் மேனேஜர் கூப்பிட்டார். அவரும் அதே ஃபோரமில் இருக்கிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது. நல்லவேளை, நான் புனைபெயரில் இருந்தேன்.

"நம்மள மாதிரியே யாருக்கோ சம்பளச் சீட்டு பிரச்ன லா. ஃபைலு போட்டிருக்காங்க, எனக்குத் தொறக்கத் தெரியல. நீங்க கொஞ்சம் பாருங்கம்மா."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் பின்னால் நின்று மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மகள் காலேஜில் படிக்கிறாள், இந்த வயதில் எனக்கு யார் வேலை கொடுப்பார்கள் என்று நினைத்தபடியே தட்டினேன். 'இந்த ஃபைல் நீக்கப்பட்டது' என்று வந்தது.

"இப்பதான் இருந்துச்சு," என்றார் அவர், ஏமாற்றத்தோடு.

என் இடத்துக்குத் திரும்பியபோது நிர்வாகியின் பதில் வந்திருந்தது. தன்னைத் தவிர யாரும் அதைத் திறக்கவில்லை என்றும், மூன்றாவது புகார் தன் மேனேஜருக்கும் அப்படியே பொருந்தும் என்றும் எழுதியிருந்தார். நன்றி சொல்லி, இணைத்ததை அனுப்புமுன் கண்ணில் காட்டினால், போட்டவரே நீக்க வழி வைத்தால் என்னைப் போன்றவர்கள் பிழைப்போம் என்று கேட்டுக்கொண்டேன். சில மாதங்களில் இரண்டும் வந்துவிட்டன.

அந்த நிர்வாகி ஆணா பெண்ணா, எந்த ஊர் என்று இன்றுவரை தெரியாது. ஆனால் யாராவது தவறுதலாக எனக்கு எதையாவது அனுப்பிவிட்டால், அவர் செய்ததுபோல நானும் சத்தமில்லாமல் நீக்கிவிடுகிறேன்.