வசூல் நாளில் வராதவள்

கேட்டு வாங்குவதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. இதைப் பெருமையாகவே சொல்கிறேன். கோல சிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையின் அலுவலகத்தில் கிராணியாக இருக்கிறேன். சம்பளப் பட்டியல், வருகைப் பதிவு, லோரிக்காரர்களின் சண்டை எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். அவற்றோடு வசூலும் வரும். யாருக்காவது கல்யாணமா, குழந்தை பிறந்திருக்கிறதா, கோயில் திருவிழாவா, தேவாலயத்துக்குப் புதுக் கூரையா, முதியோர் இல்லத்துக்கு அரிசியா, மாற்றலாகிப் போகிற இன்ஜினியருக்குக் கைக்கடிகாரமா, எதுவானாலும் "அக்காகிட்ட வுடு லா, அவங்க பாத்துக்குவாங்க" என்பார்கள். நானும் பார்த்துக்கொள்வேன்.

அதற்கென்று ஒரு முறை வைத்திருந்தேன். சம்பளம் போட்ட அன்று சாயங்காலமே வாட்சாப் குழுவில் எழுதிவிடுவேன்: நாளைக்கு வசூல், கையில் காசோடு வரவும். மறுநாள் பத்து மணிக்கு எல்லாரும் பசியாறுகிற அறையில் கூடியிருக்கும்போது பட்டியலை முதலில் மேனேஜர் முன்னால் வைப்பேன். அவர் தன் பெயருக்கு நேரே ஐம்பது வெள்ளி என்று எழுதுவார். பிறகு அந்தத் தாள் மேசையைச் சுற்றி வரும். ஐம்பதுக்குக் கீழே எவனும் ஐந்து என்று எழுத மாட்டான். குறைந்தது பத்து எழுதுவான், பக்கத்திலிருப்பவன் எட்டிப் பார்த்தால் இருபது எழுதுவான். தனியாகப் பிடித்துக் கேட்டால் மனிதர்களுக்கு ஆயிரம் காரணம் வாயில் வரும். பத்துப் பேர் நடுவில் கேட்டால் பேனாவைத்தான் தேடுவார்கள். மத்தியானத்துக்குள் காசை மேனேஜரிடம் ஒப்படைத்துவிட்டு, பட்டியலைப் படம் எடுத்துக் குழுவில் போட்டுவிடுவேன். அன்றைக்கு வராதவர்களைத் துரத்திப் பிடித்து வாங்குவதில்லை. அது எனக்குக் கௌரவக் குறைச்சல். நான் யாரையும் வற்புறுத்தியதில்லை என்று அந்த நாளில் கற்பூரம் அடித்துச் சத்தியமே செய்திருப்பேன்.

எங்கள் ஆலையில் துப்புரவு வேலை பார்ப்பவள் புக்கிட் பெலிம்பிங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவாள். என் வயதுதான் இருக்கும், ஆனாலும் என்னை அக்கா என்பாள். கணவர் ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை, அங்கேயே தங்கிவிட்டு வாரக் கடைசியில் வருவார். பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் மூன்று பேர். அவள் துடைத்த தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம். ஒரே ஒரு குறை, மாதம் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுவாள். அதுவும் சம்பளம் போட்ட மறுநாள்.

"சம்பளம் வந்ததும் ரவாங்குக்கு ஓடிருது சார். புருஷன்கூட ஷாப்பிங்" என்று ஒருமுறை மேனேஜரிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன். எனக்கு எப்படித் தெரியும் என்று அவரும் கேட்கவில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. வாய் இருக்கிறது, சொன்னேன்.

அவளுக்கு வருடா வருடம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். போன வருடக் கடைசியில் அந்தத் தாளை மேனேஜரிடம் நீட்டினேன். அவர் கையெழுத்துப் போடாமல் தள்ளி வைத்தார்.

"இந்தப் பொண்ணு வேணாம். ரவாங்குக்கு ஓடுறவ அங்கயே வேல தேடிக்கட்டும். லீவு போட்ட நாளையெல்லாம் எழுதி ஒரு லெட்டர் அடிச்சிருங்க" என்றார்.

நான் விளையாட்டாகச் சொன்னது அவர் மண்டையில் ஆணியடித்தாற்போல் இருந்திருக்கிறது. வருகைப் பதிவைத் திறந்து அவள் வராத நாட்களை ஒவ்வொன்றாகக் குறிக்க ஆரம்பித்தேன். எல்லாம் சம்பளத்துக்கு மறுநாள்தான். இரண்டு மாதங்கள் மட்டும் உதைத்தன. ஒரு மாதம் அவள் ஒருநாள்கூட நிற்கவில்லை. அந்த மாதம் நான் டெங்கிக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். இன்னொரு மாதம் நோன்புப் பெருநாள் விடுமுறை குறுக்கே வந்ததால் வசூலை ஒரு வாரம் தள்ளி வைத்திருந்தேன். அந்த மாதம் அவள் சம்பளத்துக்கு மறுநாள் வேலைக்கு வந்திருக்கிறாள். ஒரு வாரம் கழித்து, நான் வசூல் செய்த நாளில் வரவில்லை.

அவள் ரவாங்குக்கு ஓடவில்லை. என்னைப் பார்த்துத்தான் ஓடியிருக்கிறாள்.

சாமான் அறைக்குப் பின்னால் துடைப்பக்கட்டைகளைக் காயவைத்துக்கொண்டிருந்தவளிடம் போய் நேராகவே கேட்டேன். முதலில் இல்லை என்றாள். பிறகு துணியைப் பிழிந்துகொண்டே தலையாட்டினாள்.

"குடுக்கக்கூடாதுன்னு இல்லக்கா. ஒரு மாசம் கோயிலு, மறு மாசம் கல்யாணம், அப்புறம் யாரோ மாத்தலாயிப் போறாங்க. என்னால அஞ்சு வெள்ளிதான் முடியும். சாரு அம்பது எழுதின தாள்ல அஞ்சுன்னு எப்படிக்கா எழுதுறது? அத வேற போட்டோ புடிச்சு எல்லாருக்கும் அனுப்புறீங்க."

"அதுக்கு லீவு போடுவியா? ஒரு நாள் சம்பளம் போவுதே, அது பத்து இருவதுக்கு மேல ஆச்சே?"

"அது போறது யாருக்கும் தெரியாதுல்லக்கா."

அவள் சொன்னது காதில் விழுந்தது. உள்ளே இறங்கவில்லை. வெட்கம் ஒரு பக்கம், அவள் வேலையை எப்படியாவது காப்பாற்ற வேண்டும் என்ற வேகம் ஒரு பக்கம். "நீ பேசாம இரு, நான் பாத்துக்குறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். மேனேஜரை அவர் அறையில் தனியாகப் பார்த்தால் காரியம் ஆகாது என்று எனக்குத் தெரியும். தலைமை அலுவலகம், ஒழுங்கு நடவடிக்கை என்று நீட்டி முழக்குவார். நான் கெட்டிக்காரி அல்லவா?

மறுநாள் பத்து மணிக்குப் பசியாறுகிற அறை நிறைய ஆட்கள். மேனேஜர் கறிபாப் பலகாரத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். அவள் மூலையில் பாத்திரத் தொட்டியருகே கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் எழுந்து நின்று அந்த ஒப்பந்தத் தாளை அவர் முன்னால் வைத்தேன்.

"சார், இந்தப் பொண்ணு லீவு போட்டதுக்கு ரவாங்கு காரணமில்ல. அத நான்தான் இஷ்டத்துக்குச் சொன்னேன், தப்பு என்னுது. பாவம், வசூல்ல அஞ்சு வெள்ளிக்கு மேல எழுத முடியாதுன்னு வெக்கப்பட்டுக்கிட்டு அந்த நாள்ல மட்டும் வராம இருந்திருக்கு. இதுக்காக அது வேல போவணுமா? எல்லாரும் சொல்லுங்க" என்றேன்.

எடை மேடையில் வேலை பார்க்கும் தம்பி வாயில் ரொட்டியோடு, "நானும்தாங்கா. உங்க லிஸ்டு வர்ற நேரம் பாத்து டாய்லெட்ல போயி உக்காந்துக்குவேன். ரெண்டு தடவ தப்பிச்சிருக்கேன்" என்றான். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். மேனேஜரும் சிரித்தார். அத்தனை கண்கள் தன்மேல் இருக்கும்போது அவர் வேறு என்ன செய்வார்? சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். யாரோ மேசையைத் தட்டினார்கள். எனக்குப் பெருமையில் முகம் சூடேறியது. திரும்பி அவளைப் பார்த்தேன். அவள் எங்களுக்கு முதுகைக் காட்டியபடியே நின்றிருந்தாள், குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.

மறுநாள் அவள் வேலைக்கு வரவில்லை. அது சம்பளத்துக்கு மறுநாளும் இல்லை, வசூல் நாளும் இல்லை.

போன் அடித்தால் எடுக்கவில்லை. வேலை முடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு புக்கிட் பெலிம்பிங்குக்குப் போனேன். சலவைத் துணிகளை எடுத்துக்கொண்டிருந்தவள் என்னைக் கண்டதும் உள்ளே வரச் சொன்னாள். நாற்காலி போட்டாள். உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டேன். நல்லாத்தான் இருக்கேன் என்றாள். துணியை மடித்துக்கொண்டே பேசினாள். குரலில் கோபமே இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"அஞ்சு வெள்ளிக்கு மேல முடியாதுன்னு யாருக்கும் தெரியக்கூடாதுன்னுதாங்கா மாசாமாசம் ஒரு நாள் சம்பளத்த வுட்டேன். நீங்க ஒரே நிமிசத்துல எல்லாருக்கும் சொல்லிட்டீங்க. அப்ப அத்தன நாள் சம்பளத்த நான் எதுக்குக்கா வுட்டேன்?"

உன் வேலையைக் காப்பாற்றிக் கொடுத்தேனே என்ற பதில் என் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன். வாழ்க்கையில் நான் விழுங்கிய பதில்கள் மிகக் குறைவு. மன்னிச்சிரும்மா என்று மட்டும் சொன்னேன். பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. "நாளைக்கு வரேங்கா. சாரு கையெழுத்துப் போட்டுட்டாருல்ல" என்றாள்.

அந்த மாதத்திலிருந்து பட்டியல் கிடையாது. மூடியில் கீறல் போட்ட ஒரு பெட்டி நடையில் இருக்கிறது, போடுகிறவர்கள் போடலாம். வசூல் பாதியாகக் குறைந்துவிட்டது. மேனேஜர் முகம் சுளித்தபோது, "ஜனங்களுக்குக் குடுக்க மனசு இவ்வளவுதான் சார், இத்தன வருசமா மீதிய நான்தான் புடுங்கிக்கிட்டிருந்தேன்" என்றேன். இப்போதும் கேட்டு வாங்குவதில் எனக்கு நிகர் யாரும் இல்லை என்றுதான் நினைக்கிறேன். இனிமேல் அதைக் காட்டவேண்டியதில்லை, அவ்வளவுதான்.

அவள் சொன்னபடி வந்தாள். அதன்பிறகு ஒரு நாளும் நின்றதில்லை. பத்து மணிக்கு மட்டும் அந்த அறைக்குள் வருவதில்லை. தன் கோப்பையை எடுத்துக்கொண்டு சாமான் அறைக்குப் பின்னால் போய்விடுகிறாள். அங்கிருந்து அவள் கரண்டியால் கலக்குகிற சத்தம் என் மேசைக்குக் கேட்கும். நான் அவளைக் கூப்பிடுவதில்லை.