ஹார்லன் தகடு தூக்கிய இடம்

கெர்ஷ்வில் பேரூராட்சியில் தெரு என்று சொல்லிக்கொள்ள நாலைந்துதான் உண்டு. அத்தனையையும் பராமரிக்க ஹார்லன் கீஃபர் ஒருவர்தான். கோடையில் குழி அடைப்பார். பனி விழுந்தால் லாரியின் முகப்பில் இரும்புத் தகட்டை மாட்டிக்கொண்டு தள்ளுவார். முசுடுதான், ஆனால் வேலையில் குறை சொல்ல முடியாது.

மலைச்சாலையில் பேரூராட்சியின் எல்லைப் பலகை வந்ததும் தகட்டைத் தூக்கி லாரியைத் திருப்பிவிடுவார். அதற்கு அப்பால் பக்கத்து ஊராட்சியின் சாலை. எதிர்ப்பக்கமிருந்து வரும் ஊராட்சி லாரியும் அங்கேயே தகட்டைத் தூக்கித் திரும்பும். இரண்டு பேரும் தள்ளி வந்த பனி நடுவில் சுவர் மாதிரி கிடக்கும். அடுத்தவன் சாலையை ஒருமுறை தள்ளிவிட்டால் அப்புறம் அது நம் தலையில்தான் விடியும் என்று இரண்டு பக்கமும் நினைத்தார்கள். அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

பலகையைத் தாண்டியதும் முதல் வீடு எல்வுட் டிராக்சலுடையது. ஹார்லனோடு ஒரே வகுப்பில் படித்தவர், மான் வேட்டைக் கூட்டாளி. காலைச் சாப்பாட்டுக் கடையில் ஹார்லனை வம்புக்கு இழுப்பார்.

"ஏம்ப்பா, அந்தப் பலகையத் தாண்டுனா உன்னப் பேயா புடிச்சுக்கும்?"

"நீ எங்க வரி கட்டுறியோ அங்க போய்க் கேளு."

கடையே சிரிக்கும்.

ஜனவரியில் ஒரு காலை, எல்வுட்டுக்கு நெஞ்சு வலித்தது. மனைவி வெர்னா போன் செய்தாள். தீயணைப்பு நிலையத்திலிருந்து கிளம்பிய ஆம்புலன்ஸ், ஹார்லன் தள்ளி வைத்திருந்த சாலையில் வேகமாக வந்து அந்தப் பனிச்சுவரில் சிக்கிக்கொண்டது. அந்தப் பக்கம் ஊராட்சி லாரி இன்னும் வந்திருக்கவில்லை. ஆட்கள் இறங்கி முழங்கால் பனியில் ஓடினார்கள். அவர்கள் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வழி இருந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று யாருக்கும் தெரியாது. ஹார்லனை அந்தத் தெரியாமைதான் விடவில்லை.

அடக்கம் முடிந்து, ஊர் விசேஷமெல்லாம் நடக்கிற தீயணைப்பு நிலையக் கூடத்தில் சாப்பாடு. பன்றித்தொடைக் கறியும் உருளைக்கிழங்கும். பேரூராட்சித் தலைவர் தோளில் தட்டினார்.

"நீ உன் வேலையத்தான பாத்தே, ஹார்லன். மனசப் போட்டு உழப்பிக்காத."

எல்லாருமே அதைத்தான் சொன்னார்கள். யாராவது நன்றாகத் திட்டினால் தேவலை என்று இருந்தது அவருக்கு. வெர்னா ஒரு தட்டை அவர் முன்னால் வைத்தாள். முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் மறுபடி பனி கொட்டியது. பலகை வந்ததும் கை பழக்கத்தில் தகட்டைத் தூக்கும் நெம்புகோலுக்குப் போனது. ஹார்லன் கையை எடுத்துவிட்டார். தகடு பனிக்குவியலில் மோத, லாரி ஒரு குலுங்கு குலுங்கிவிட்டு எல்லையைத் தாண்டியது. வெர்னாவின் வாசல் வரைக்கும் தள்ளினார்.

அவள் எல்வுட்டின் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். ஹார்லன் லாரியின் ஜன்னல் கண்ணாடியை இறக்கினார்.

"இங்க வரச் சொல்லி யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல."

"பேரூராட்சியில சத்தம் போடுவாங்களே."

"போட்டா போடட்டும், வெர்னா. என்ன பண்ணிடுவாங்க?"

அவள் சுத்தமாகக் கிடந்த சாலையைப் பார்த்தாள்.

"அதானே. அன்னைக்கு மட்டும் என்ன பண்ணியிருப்பாங்க?"

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவர் லாரியைத் திருப்பவில்லை; தகட்டைத் தூக்காமலே, ஊராட்சிச் சாலையில் மலைப் பக்கமாக மேலே தள்ளிக்கொண்டு போனார்.