பெரட்டுல நான் கேட்ட மன்னிப்பு

போன வருசம் தீபாவளிக்கு மூணு வாரம் இருக்கும்போது நடந்தது இது. லகாட் பக்கத்துல ஒரு முறுக்கு கம்பெனியில நான் சூப்பர்வைசர். எங்கப்பா ரப்பர் தோட்டத்துல மண்டோர், ஆளுங்களை வேலை வாங்குறவரு. காலையில ஆளுங்களை வரிசையா நிறுத்திப் பேர் கூப்பிடுவாங்களே, பெரட்டு, அதை நான் கம்பெனிக்கும் கொண்டு வந்துட்டேன். ஏசணும்னா அங்கேயே, எல்லார் முன்னாடியும் ஏசிடுவேன். என் வாய் அப்படி.

அந்த வாரம் பெரட்டுல ஒருத்தி, "அக்கா, பாக்கெட் ஒட்டுற மெஷின் சரியில்ல"ன்னா. ஆர்டர் தலைக்கு மேல கிடக்கு, எனக்கு வந்துச்சே கோவம்! "வேலை செய்யாம இருக்க சாக்கா?"ன்னு கிழிச்சுட்டேன்.

ரெண்டு நாள் கழிச்சு அதே மெஷின் நின்னு போச்சு. ஓடிப் போய்ப் பார்த்தா, சிலிபின்ல இருந்து வர்ற புதுப் பொண்ணு ஒண்ணு கையில போனோட நிக்குது.

"யாரைக் கேட்டு நிறுத்தின?"

"ஏஐகிட்ட கேட்டேன்க்கா."

எனக்குச் சுர்ருன்னு ஏறிருச்சு. இத்தனை வருசமா இங்க நான் எதுக்கு இருக்கேன்? அவ போனை நீட்டினா. 'மெஷின் மூடி ஆடுது. சொன்னா அக்கா எல்லார் முன்னாடியும் ஏசுவாங்க. பார்த்துப் பதமா வேலை செஞ்சா போதுமா?'ன்னு கேட்டிருக்கா. 'போதாது. உடனே நிறுத்துங்க. ஏசினாலும் பரவாயில்ல, போய்ச் சொல்லுங்க'ன்னு பதில் வந்திருக்கு.

மூடியை லேசாத்தான் தொட்டேன், கையோட வந்துருச்சு. உள்ள கொதிக்கிற இரும்பு, அவ விரல் போற இடத்துக்கு நேரா.

மறுநாள் பெரட்டுல முதல்ல அவ பேரைத்தான் கூப்பிட்டேன். பாவம், முகமே செத்துப் போச்சு. "பயத்தோடயும் மெஷினை நிறுத்தினா பாரு, இவதான் கெட்டிக்காரி. அன்னைக்கு நான் ஏசினது தப்பு, மன்னிச்சிருங்க"ன்னேன். அப்புறம் பின்னால இருந்து ஒரு குரல், "அக்கா, இதை ஏஐ எழுதிக் கொடுத்துச்சா லா?" சிரிப்பு அடங்கவே இல்ல. நானும் சிரிச்சேன்.

இப்பவும் ஆளுங்க போன்ல ஏஐகிட்ட கேக்குறாங்க, ஆனா அடுத்து நேரா என்கிட்ட வந்துர்றாங்க. போனுக்கு இருந்த பொறுமை எனக்கு இல்லாமப் போச்சேன்னு வெக்கம்தான். ஆனா அந்தப் பொண்ணு பத்து விரலாலயும் முறுக்கை அடுக்கும்போது, இவ என் ஆளுன்னு எனக்கு அவ்வளவு பெருமையா இருக்கு.