விண்ணரசியின் பேட்டரி ஸ்டாண்டு

அளவான இறுக்கம் வந்ததும் ஒலி எழுப்பும் டார்க் ஸ்பானரை விண்ணரசி இழுப்பார். 'டிக்' என்றதும் மகன் கிளாட்சன் நட்டையும் போல்ட்டையும் சேர்த்து ஒரு மஞ்சள் கோடு போடுவான். நட்டு துளி நகர்ந்தாலும் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். தஞ்சாவூர்ப் பட்டறையில், ஒரு சனிக்கிழமை மாலை, இருவரும் சேர்ந்து செய்த கடைசி வேலை அதுதான்.

"கோடு கோணலாப் போகுதுடா."

"நேரா போட்டா பூகம்பம் வராதாம்மா?"

"வரட்டுமே. வந்து பாத்துட்டுப் போகட்டும்."

அது பேட்டரிகளை வரிசையாக நிறுத்தும் இரும்பு ஸ்டாண்டு. அணுமின் நிலையத்தில் பூகம்பம் வந்து மின்சாரம் போனாலும் உலையைக் குளிர்விக்கும் பம்புகள் நிற்கக் கூடாது. அவற்றின் கட்டுப்பாட்டுக் கருவிகள் இந்த பேட்டரிகளை நம்பித்தான் இருக்கும். அதனால் ஸ்டாண்டை முதலில் ஓர் அதிர்வு மேடையில் ஏற்றி, பூகம்பம் போலவே குலுக்கிப் பார்ப்பார்கள்.

அப்படிக் குலுக்குவதுதான் விண்ணரசியின் பிழைப்பு. பட்டுக்கோட்டைப் பக்கத்தில் பிறந்து, டிப்ளமா முடித்து, சென்னையில் ஒரு சோதனைக்கூடத்தில் ஓய்வு பெறும்வரை அதே மேடையை இயக்கியவர். "விழறதா இருந்தா இங்கயே விழட்டும்" என்பார். பிறகு மகனின் பட்டறைக்கு வந்தார். கிளாட்சன் வரைந்த இந்த ஸ்டாண்டு தேறினால்தான் பட்டறைக்கு ஆர்டர்.

அந்தச் சென்னைக் கூடத்தில் நடந்த முதல் சோதனையில் தேறியது. இனிப்பும் கொடுத்தாகிவிட்டது. ஸ்டாண்டோடு லாரி திரும்பி வந்ததும் விண்ணரசி பின்வரிசை பேட்டரிகளின் இடைவெளிக்குள் கையை விட்டார். பிடி பிடியாகத் தேங்காய் நார் வந்தது.

லோடு ஏற்றியவர் பெரியநாயகசாமி. பட்டுக்கோட்டைத் தேங்காய் மண்டிகளில் வளர்ந்த கை. எங்கே இடைவெளி கண்டாலும் நாரைத் திணித்துவிடும்.

"வழியில ஆடக் கூடாதுன்னுதான் அடைச்சேன்க்கா."

"பிரமாதமா அடைச்சிருக்கீங்க சாமி. பாஸானது எங்க ஸ்டாண்டு இல்ல, உங்க நாரு."

கிளாட்சன் அம்மாவைத் தனியே அழைத்தான். "சொன்னா ரிசல்ட்டை ரத்து பண்ணிடுவாங்கம்மா. ஆர்டர் போயிடும்."

"அப்ப ஒவ்வொரு ஸ்டாண்டோடயும் சாமியையும் சேர்த்து அனுப்பப் போறியா?"

விண்ணரசியே கூடத்துக்கு போன் போட்டுச் சொன்னார். ரிசல்ட் ரத்தானது, மறுதேதி கிடைத்தது. பேட்டரிகளுக்கு நடுவே ரப்பர் கட்டைகள் வைத்து, பக்கவாட்டில் இரண்டு இரும்புச் சட்டம் கூட்டினார்கள். "இப்ப நிக்கும். எழுதி வச்சுக்கோ" என்றார் விண்ணரசி.

புது போல்ட்டுகளுக்கு மஞ்சள் கோடு போட்ட அந்தச் சனிக்கிழமைக்கு மறுநாள் விடியற்காலை விண்ணரசிக்கு மாரடைப்பு. ஞாயிறு மாலையே அடக்கம்.

வியாழக்கிழமை மறுசோதனைக்கு கிளாட்சன் தனியாகச் சென்னைக்குப் போனான். கூடத்து ஆட்களோடு சேர்ந்து டார்ச் அடித்து ஒவ்வொரு இடைவெளியையும் பார்த்தான். நார் இல்லை. மேடை குலுங்கியது. ஒரு பேட்டரிகூட இடம் மாறவில்லை. யாரிடம் சொல்வது என்று தெரியாமல் போனைக் கையில் வைத்திருந்தான்.

ஆர்டர் வந்தது. ஆனால், நார் அகப்பட்ட நாளிலிருந்து பெரியநாயகசாமி பட்டறைப் பக்கமே வரவில்லை. போனையும் எடுப்பதில்லை. விண்ணரசியின் அடக்கத்துக்கு வந்தபோதும் கல்லறைத் தோட்டத்து கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டுப் போய்விட்டார்.

"போன்ல கூப்பிட்டா வர மாட்டாரு. ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் பட்டுக்கோட்டைக்கு பஸ் ஏறி, நேர்லயே நாலு திட்டு திட்டிக் கூட்டிட்டு வரேன்" என்று அந்தச் சனிக்கிழமை சொல்லியிருந்தார் விண்ணரசி.

அது நடக்கவில்லை. நிலையத்துக்குப் போகவேண்டிய முதல் ஸ்டாண்டு பட்டறை வாசலில் தயாராக நிற்கிறது. ஏற்றுவதற்குச் சாமி வர வேண்டும்.