வாடகைச் சைக்கிளில் பார்த்துவந்த ஊர்

என் பேத்தி ஒரு மணி நேரமாகக் கைபேசியில் கொரியாக்காரி ஒருத்தியோடு எழுதிக்கொண்டிருக்கிறாள். அடுத்த வருஷம் அவள் வீட்டில் போய்த் தங்கப்போகிறாளாம். "நேர்ல பாத்திருக்கியா?" என்றேன். இல்லையாம். "பின்ன எப்படி நம்புற?" "அவ பொய் சொல்ல மாட்டா தாத்தா." கேட்டதும் எனக்கு எரிச்சல் வந்தது. பொய் சொல்லவே தெரியாத பேனா நண்பன் ஒருவன் எனக்கும் இருந்தான். அவனால் பட்ட பாடு போதும்.

அப்போது நான் இலங்கையில், ராகலை என்ற மலையூரில் ஒரு முஸ்லிம் முதலாளியின் துணிக்கடையில் வேலை பார்த்தேன். நாங்கள் குடியிருந்த தேயிலைத் தோட்டத்து விலாசத்துக்கு வரும் கடிதம் நாலு கை மாறி, பிரித்த நிலையில்தான் வரும் என்பதால் கடை விலாசத்தைக் கொடுத்திருந்தேன். நீல உறையைக் கண்டால் முதலாளி, "தம்பி, ஒங்க இந்தியா வந்திருக்கு" என்று நீட்டுவார். புதுத்துணியின் கஞ்சி வாடையோடுதான் இந்தியாவைப் படித்தேன்.

எழுதுகிறவன் ராஜகோபால், திருச்சிக்காரன். பத்திரிகையில் விலாசம் பார்த்துப் பிடித்த சிநேகிதம். அவன் கேள்விகள் இருக்கிறதே! வீட்டிலிருந்து கடல் தெரியுமா என்பான். குளிரில் விறைத்த விரலோடு, கடலை நான் பார்த்ததே இல்லை என்று மூன்று முறை எழுதினேன். நான்காவது கடிதத்தில், அலைச் சத்தத்தில் தூக்கம் வருமா என்கிறான்.

தோட்டத்துத் தமிழர்களில் யார் எந்த நாட்டுப் பிரஜை என்று இரண்டு நாட்டுக்கும் ஒப்பந்தம் வந்தது. இலங்கையிலேயே இருக்கக் கேட்பதா, இந்தியாவுக்குப் பெயர் கொடுப்பதா என்று ஒற்றை அறைக் காம்பராக்கள் வரிசையாய் நிற்கும் எங்கள் லயம் முழுக்க அதே பேச்சு. அப்பா பன்னிரண்டு வயதில் துறையூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தவர். ஓட்டு வீடு, கிணறு, அண்ணன் என்று அளந்துகொண்டே இருப்பார். "ஒன் சிநேகிதன ஒரு எட்டு போய்ப் பாத்து எழுதச் சொல்லு. அப்பறம் பேரு குடுப்போம்" என்றார்.

ராஜகோபால் போனான். துறையூர் வரை பஸ், அப்புறம் வாடகைச் சைக்கிள். நாலு பக்கம் எழுதினான். வீடு இருந்த இடம் மண்மேடு. யாரோ ஆடு கட்டியிருக்கிறார்கள். பெரியப்பா குடும்பம் போன இடம் தெரியவில்லை. உங்கள் அப்பாவை ஒருவருக்கும் ஞாபகமில்லை. கொஞ்சம் பூசி மெழுகி எழுதத் தெரியாதா அந்த மனிதனுக்கு!

ஞாயிற்றுக்கிழமை அப்பா குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, பக்கத்துக் காம்பராக்காரர்களையும் கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டார். அவருக்கு எழுத்து தெரியாது. படி என்றார். அத்தனை பேர் முன்னால் ஆட்டை எப்படிப் படிப்பது? வீடு இருக்கிறது, பெரியப்பா விசாரித்தார், வாசலில் வேப்பமரம் என்று படித்தேன்.

"இன்னொரு தடவ படி." படித்தேன்.

"முன்ன வேப்பமரம்னு படிச்ச, இப்ப புளியமரம்ங்கிற?"

"ரெண்டும் இருக்குதாம்ப்பா."

அப்பா வந்திருந்தவர்களைப் பெருமையாகப் பார்த்தார். உண்மையை அப்புறம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். முதலாளியிடம் சொன்னபோது, "இப்பவே போய்ச் சொல்லுங்க தம்பி" என்று கடையை விட்டே துரத்தினார். லயத்து வாசல் வரை போய்த் திரும்பிவந்தேன். இரண்டு நாளில் அப்பா இந்தியாவுக்குப் பெருவிரலை வைத்துவிட்டார். என்னை என்ன சொல்லித் திட்டிக்கொள்வது என்று இன்றும் தெரியவில்லை.

தலைமன்னாரில் கப்பலேறும்போதுதான் கடலைப் பார்த்தேன். ராஜகோபாலைத் திருச்சி ஸ்டேஷனில் பார்த்தேன். அவனே ஊருக்கும் கூட்டிப்போனான். ஆடுகள் இருந்தன. மரம் ஒன்றுகூட இல்லை. அப்பா சுற்றிச் சுற்றிப் பார்ப்பதைக் கண்டு, "எல்லாத்தையும் எழுதியிருந்தேனே, இவர் படிச்சுக் காட்டலீங்களா?" என்றான்.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. "நல்லாத்தான் படிச்சான். எனக்குத்தான் காது சரியில்லீங்க தம்பி."

ராஜகோபால் போய்ச் சேர்ந்துவிட்டான். அந்த லயத்தை இடித்துவிட்டதாகக் கேள்வி. நீல உறையில் எனக்கு எழுத ஆளில்லை. அப்பா அதற்குப் பிறகும் பதினோரு வருஷம் இருந்தார். தோட்டத்திலிருந்து அவருக்குக் கடிதம் வரும். எதிர்வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டுத்தான் படிக்கச் சொல்வார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.