மருதாணி மேல் போட்ட பழி

முதல் அறிகுறி மூச்சிரைப்பு. திருக்கோகர்ணத்தில் எங்கள் வீட்டு மாடிக்குத் துணி காயப்போட ஏறிய அம்மா, வாளியை வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்தபடி நின்றார்.

நான் பயோமெடிக்கல் இன்ஜினியர். மருத்துவமனைகளில் மானிட்டர், வென்டிலேட்டர் போன்ற கருவிகளைச் சரிபார்ப்பது என் வேலை. நோயாளிகளை அல்ல. ஆனால் உறவினர்கள் ‘பாதி டாக்டர்’ என்பார்கள், நான் திருத்தியதில்லை.

அம்மாவின் விரலில் பல்ஸ் ஆக்ஸிமீட்டரை (இரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவை ஒளியால் அறியும் கருவி) மாட்டினேன். 89 காட்டியது. 95-க்குக் குறையக் கூடாது. அரிமளத்தில் சித்தி மகள் கல்யாணத்துக்கு இட்ட மருதாணி நகங்களில் கருஞ்சிவப்பாகப் படிந்திருந்தது. அடர்ந்த நிறம் அளவைக் குறைத்துக் காட்டலாம் என்று படித்திருந்தேன்.

“மருதாணிம்மா. அதான் கொறச்சுக் காட்டுது.”

“வெரலையே பாக்குறியே. கீழ எறங்கி வந்து இம்புட்டு நேரமாச்சு, இன்னும் மூச்சு வாங்குதே, அது ஒனக்குத் தெரியலையா?”

“நகம் வளந்து செவப்புப் போகட்டும். திரும்பப் பாக்கலாம்.”

“சரிங்க டாக்டரம்மா.” சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது.

அடுத்த வாரங்களில் 88, பிறகு 87. எண் குறையக் காரணங்களைப் பட்டியல் போட்டேன்: பேட்டரி, குளிர்ந்த விரல், மருதாணி. நுரையீரல் அதில் இல்லை. கால் விரலில் மருதாணி கிடையாது. அங்கே மாட்டிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். மாட்டவில்லை. அங்கேயும் அதே எண் வந்துவிடுமோ என்ற பயம்தான் காரணம் என்று எழுதவே கூசுகிறது.

இரண்டு மாதம் கழித்து, உதடு நீலம் பாரித்த பிறகே மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். நர்ஸ் எதுவும் கேட்காமல் கால் விரலில் மாட்டினார். 82.

“எத்தனை நாளா இப்படி இருக்கு?” என்று மருத்துவர் கேட்டார்.

“ரெண்டு நாளாத்தாங்க மேடம்,” என்றார் அம்மா, என்னைப் பார்க்காமல்.

அந்தப் பொய்யை அப்படியே விட்டுவிட ஒரு கணம் ஆசைப்பட்டேன்.

“ரெண்டு மாசமாங்க. நான்தான் கூட்டிட்டு வரல.”

மருத்துவர் என்னைத் திட்டவில்லை. ஸ்கேனைக் காட்டினார். ஃபைப்ரோசிஸ் (நுரையீரல் தழும்பேறி விறைத்துப்போகும் நோய்). “தழும்பானது இனிமே சரியாகாதும்மா. மிச்சத்தக் காப்பாத்தப் பாப்போம்.”

இதைப் படிக்கும் உங்கள் வீட்டிலும் ஓர் எண் சந்தேகம் தரலாம். கருவியைச் சோதியுங்கள், அதை மருத்துவமனைக்குப் போகும் வழியில் செய்யுங்கள்.

இப்போது அம்மா மாத்திரையிலும், மூக்கில் குழாய் வழி வரும் ஆக்ஸிஜனிலும் இருக்கிறார். ஒரு வாக்கியத்தை முடிக்க இருமுறை நிறுத்துகிறார். நான் குறுக்கிடுவதில்லை. அவர் நிறுத்தும்போது என் மூச்சும் நின்றுவிடுகிறது. அடுத்த சொல் வந்த பிறகுதான் விடுகிறேன்.