விற்பனைக்குப் போன முகம்

செஞ்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் போகிற தெருவில் ஜெயசுதாவின் ஸ்டுடியோ இருக்கிறது. பாஸ்போர்ட் சைஸ் படம் எடுப்பது, ஜெராக்ஸ் போடுவது, இறந்துபோனவர்களின் பழைய படத்தைத் துடைத்துப் பெரிதாக்கிச் சட்டம் மாட்டிக் கொடுப்பது, இவ்வளவுதான் தொழில். கணவன் கன்னியப்பன் திண்டிவனம் ரூட்டில் தனியார் பஸ் ஓட்டுகிறான். ஓரளவுக்குக் கையைக் கடிக்காமல் ஓடிக்கொண்டிருந்த குடும்பம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெயசுதா கேமராவைத் தூக்கிக்கொண்டு செஞ்சிக் கோட்டையின் கிருஷ்ணகிரி மலைப்பக்கம் போய்விடுவாள். ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்திருக்கும் குண்டுப் பாறைகளில் சாயங்கால வெயில் விழுவதைப் படமெடுப்பதென்றால் அவளுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். எடுத்ததையெல்லாம் ஸ்டாக் போட்டோ தளங்களில் ஏற்றி வைத்தாள். உலகத்தில் யாருக்காவது விளம்பரத்துக்கோ புத்தக அட்டைக்கோ படம் வேண்டுமென்றால் அங்கே வந்து தேடிக் காசு கொடுத்து எடுத்துக்கொள்வார்கள், எடுத்தவருக்கும் அதில் ஒரு பங்கு வரும். பாறைகளை யாரும் சீந்தவில்லை.

அப்போதுதான் இராமச்சந்திரன் என்பவரின் ஆன்லைன் வகுப்பு அவள் கண்ணில் பட்டது. இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் வழியாக ஸ்டாக் படங்களை விற்றுக் கொடிகட்டிப் பறப்பது எப்படி என்று சென்னையிலிருந்து சொல்லிக்கொடுத்தார். நல்ல குரல். பேசினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். அவளுடைய பாறைகளைத் திரையில் வேகமாகத் தள்ளிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"மேடம், பாறை வாங்க ஆளில்ல. மனுஷங்களப் போடுங்க. அதுலயும் சிரிக்கிற மனுஷங்க வேணாம். சிரிப்ப அவனவன் ஊர்லயே எடுத்துப்பான். உங்க ஊர்ல இருந்து அவனுக்கு வேற வேணும்."

அந்த 'வேற' என்னவென்று ஜெயசுதா கேட்கவில்லை. கேட்காமலே புரிந்தது. அவர் சொன்னபடி இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் தொடங்கினாள். தினமும் ஒரு ரீல் போட்டாள். வெளிநாட்டுப் பத்திரிகைகளில் படம் தேர்ந்தெடுக்கிறவர்களைத் தேடிப்பிடித்துப் பின்தொடர்ந்தாள். களையெடுக்கிற பெண்களின் வெடித்த குதிகால்களையும், ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் மூட்டை தூக்குகிற தோள்களையும் காட்டி, சோகமான இசையைக் கீழே ஓடவிட்டு, தன் குரலையும் கொஞ்சம் தணித்துக்கொண்டு பேசினாள். கும்பிடுகிற கைகளும் அழுகிற பொம்மைகளுமாக வந்து கொட்டின. குதிகாலைப் பார்த்து 'அழகு' என்று ஒருவன் எழுதியிருந்தான். அதைப் படித்தபோது பல்லில் மண் கடித்த மாதிரி இருந்தது. ஆனாலும் அவனுக்கு ஒரு இதயம் போட்டுவிட்டாள். பதில் போடாவிட்டால் படம் மேலே வராது என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள்.

தைலம்மாளின் படம் எடுத்தது ஒரு மாசி மாத மதியம். தைலம்மாள் அடுத்த தெருக்காரி. சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். கணவர் பச்சைமுத்து மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர். மகன் எழிலன் பெங்களூரில் வேலையில் இருக்கிறான். மாடி வீடு, வாசலில் ஸ்கூட்டர், நல்ல நிலைமையான குடும்பம். அன்றைக்கு ஜெராக்ஸ் எடுக்க வந்தவள் ஸ்டுடியோ வாசலில் நின்று, கையிலிருந்த புளியங்காயில் உப்பைத் தொட்டு ஒரு கடி கடித்தாள். பல் கூசிப்போய்க் கண்ணை இறுக்கி மூடி, கன்னத்தில் கையை வைத்து, முகத்தை அப்படியே சுருக்கினாள். ஜெயசுதா கேமராவை எடுத்துவிட்டாள். அடுத்த நொடி தைலம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள். அதையும் எடுத்தாள்.

"அத்த, இந்தப் படத்த வெப்சைட்ல போட்டுக்கட்டா?"

"எங்க போடுவ?"

"வெளிநாட்டுல புக்குல கிக்குல போடுவாங்க. நீங்க ஒத்துக்கிட்டதா ஒரு கையெழுத்து வேணும், அவ்ளோதான்."

"புக்குல வருதுன்னா எனக்கு இன்னா கசக்குதா? குடு." போன் திரையில் விரலால் முழுப்பெயரையும் அழகாக எழுதினாள். ஆயுசு பூராவும் அரிசி, பருப்பு, முட்டைக் கணக்குக்குக் கையெழுத்துப் போட்ட விரல்.

படத்தைத் தளத்தில் ஏற்றும்போது, தேடுகிறவர்களுக்கு அகப்படுவதற்காகக் கீழே சில சொற்கள் போட வேண்டும். செஞ்சி, பெண், புளியங்காய், புளிப்பு என்று போட்டாள். இராமச்சந்திரன் பார்த்துவிட்டு போன் செய்தார்.

"புளியங்காய்னு எவன் மேடம் தேடப்போறான்? அந்த மூஞ்சப் பாருங்க. தங்கம் மாதிரி மூஞ்சு. வறுமை, பசி, கண்ணீர், விதவை, கைவிடப்பட்ட தாய், இப்படிப் போடுங்க."

"அவங்க வீட்டுக்காரரு நல்லா இருக்காரு சார்."

"யாரு இல்லன்னா? இது கேப்ஷன் இல்ல மேடம், டேக். அவங்க யாருன்னு நாம சொல்லல. தேடறவன் என்ன வார்த்தை போட்டுத் தேடுவானோ அதப் போடறோம். அவ்ளோதான்."

விதவை என்று ஆங்கிலத்தில் அடிக்கும்போது விரல் ஒரு கணம் நின்றது. பச்சைமுத்து அன்று காலைதான் தெருமுனையில் அவளைப் பார்த்து, 'இன்னாம்மா, டீ சாப்டியா' என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார். அடித்துவிட்டாள்.

படம் விற்றது. திரும்பத் திரும்ப விற்றது. சிரிக்கிற படத்தை யாரும் தொடவில்லை. இராமச்சந்திரன் தன் பக்கத்தில் அந்தச் சுருங்கிய முகத்தைப் பெரிதாகப் போட்டு, 'இந்த ஒரு படம் சுதா மேடத்தின் வாழ்க்கையை மாற்றியது' என்று வகுப்புக்கு விளம்பரம் செய்தார். ஜெயசுதாவுக்கும் அப்போது பெருமையாகத்தான் இருந்தது. கன்னியப்பன்கூடத் தன் பஸ் கண்டக்டரிடம் காட்டினான்.

ஒருநாள் காலை எழிலன் ஸ்டுடியோவுக்குள் வந்து நின்றான். பெங்களூரிலிருந்து இறங்கி நேரே வந்திருந்தான், தோளில் பை அப்படியே இருந்தது. போனை நீட்டினான்.

"இன்னாக்கா இது?"

வாட்ஸாப்பில் சுற்றிக்கொண்டிருந்த ஒரு போஸ்டர். நடுவில் தைலம்மாள். கழுத்துத் தாலியை யாரோ அழித்திருந்தார்கள். நெற்றிப் பொட்டையும் அழித்திருந்தார்கள். 'கணவனை இழந்து, பெற்ற மகனால் நடுத்தெருவில் விடப்பட்ட இந்தத் தாய் சாப்பிட்டு நாளாகிறது. மனிதனாக இருந்தால் பகிராமல் போகாதீர்கள்' என்று எழுதி, கீழே பணம் அனுப்ப ஒரு க்யூஆர் கோடு. பெயர் தெரியாத ஏதோ அறக்கட்டளை.

"எங்க ஆபீஸ் குரூப்ல வந்துது. எங்கம்மாவ ஒரு தடவ வீட்ல பாத்தவன் ஒருத்தன் இருக்கான். அவன் எங்கிட்ட கேக்கல. மத்தவங்கிட்ட கேட்டிருக்கான், எழிலன் அம்மாவ இப்டியா வச்சிருக்கான்னு." எழிலனின் குரல் உயரவில்லை. "எங்க நைனா இதப் பாத்துட்டு ரெண்டு நாளா வெளிய போகல."

ஜெயசுதா அந்தத் தாலி அழிந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்துத் தோலின் நிறத்தை அப்படியே எடுத்து நிரவியிருந்தார்கள். நேர்த்தியான வேலை. இறந்தவர்களின் படங்களில் கறை எடுக்க அவளே தினமும் செய்கிற வேலை.

"நான் எடுக்கச் சொல்றேன் எழிலா. இன்னிக்கே எடுக்கச் சொல்றேன்."

தளத்திலிருந்து படத்தை நீக்கினாள். ஏற்கெனவே வாங்கியவர்கள் வாங்கியதுதான் என்று பதில் வந்தது. அறக்கட்டளையின் எண்ணுக்கு எழுதினாள், அவள் எண்ணையே பிளாக் செய்துவிட்டார்கள். இராமச்சந்திரனைக் கூப்பிட்டாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

"மேடம், வைரல் ஆயிருக்கு. இதவிட என்ன வேணும்? அந்தம்மாவ உக்கார வச்சு ஒரு லைவ் போடுவோம். படத்துக்குப் பின்னால இருக்கிற உண்மைக் கதைன்னு. கொஞ்சம் கலங்குனாங்கன்னா போதும். அமாவாசைக்கு ஸ்டூடண்ட்ஸ கூட்டிட்டு மேல்மலையனூர் வரேன், அங்கயே பேசிக்கலாம்."

அவர் விளம்பரத்திலிருந்தாவது அந்த முகத்தை எடுக்க வைக்க வேண்டும் என்றுதான் ஜெயசுதா மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போனாள். அமாவாசைக் கூட்டம் வழக்கம்போல வழிந்தது. சிறப்புப் பேருந்துகள் வரிசையாக நின்று ஆட்களைக் கொட்டிக்கொண்டிருந்தன. வெயில் சாயவில்லை. கோயிலின் அக்னிகுளத்துப் பக்கம் ஒரே மாதிரி பனியன் போட்ட ஒரு கும்பல் கேமராக்களோடு நின்றது. முதுகில் இராமச்சந்திரனின் வகுப்புப் பெயர்.

அருள் வந்து ஆடி முடித்துத் தலைமுடி அவிழ்ந்து கிடந்த ஒரு பெண்ணைச் சுற்றி நாலைந்து லென்சுகள் குனிந்திருந்தன. மாராப்பை இழுத்துவிடக்கூட அவளுக்குத் தெம்பில்லை. கூட வந்தவர்கள் தண்ணீர் தேடிப் போயிருந்தார்கள் போல. ஒருவன் தரையில் படுத்து, 'இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பு' என்று தன் நண்பனிடம் சொன்னான், அவள் ஏதோ ஒரு மரக்கட்டை என்பதுபோல. சற்றுத் தள்ளி, பிச்சைக்கு உட்கார்ந்திருந்த ஒரு கிழவியின் கன்னத்தில் இன்னொருத்தி பாட்டில் தண்ணீரை விரலால் தொட்டுத் தொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். கண்ணுக்குக் கீழே ஒரு சொட்டு. அது உருண்டு விழுந்ததும், மறுபடி ஒரு சொட்டு. கிழவி அசையாமல் காட்டிக்கொண்டிருந்தாள்.

ஜெயசுதாவுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. எலுமிச்சம்பழக் கடைக்குப் பின்னால் போய்க் குனிந்தாள். காலையில் குடித்த காப்பி அப்படியே வந்தது. கடைக்காரி ஒரு பழத்தை அறுத்துக் கையில் கொடுத்து, "மோந்துக்கோ, வெயிலு" என்றாள்.

வாயைத் துடைத்துக்கொண்டு நேரே போய்க் கிழவிக்கும் கேமராவுக்கும் நடுவில் நின்றாள்.

"பாட்டி, இவங்க எடுக்கறத வித்துடுவாங்க. உம்புள்ள உன்ன தெருவுல விட்டுட்டான்னு போடுவாங்க. உன்ன வச்சு காசு வசூல் பண்ணுவாங்க."

கிழவி நிமிர்ந்து பார்த்தாள். "எம்மவன் செத்துட்டானே, அவன எப்டி சொல்லுவாங்க?" என்றாள். பிறகு முகத்தை முந்தானையால் அழுந்தத் துடைத்துவிட்டு, தண்ணீர் வைத்தவளைப் பார்த்து, செஞ்சி வட்டாரத்தில் மட்டும் வழங்குகிற வசவுகளை ஒவ்வொன்றாக எடுத்து விட்டாள். கூட்டம் திரும்பிப் பார்த்தது. அருள் வந்த பெண்ணின் ஆட்களும் தண்ணீரோடு வந்து சேர, கேமராக்கள் ஒவ்வொன்றாகப் பைக்குள் போயின.

இராமச்சந்திரன் வேன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நேரில் குள்ளமாக இருந்தார். குரல் மட்டும் அதேதான்.

"என்ன மேடம் இப்படிப் பண்ணிட்டீங்க?"

"அத்த படத்த உங்க விளம்பரத்துல இருந்து எடுங்க சார். இதெல்லாம் பாக்கவே அருவருப்பா இருக்குது."

"எடுத்துடறேன். அதுக்கென்ன." வேன் கதவைத் திறந்தவர் திரும்பினார். "ஆனா ஒண்ணு. அந்த வார்த்தைய எல்லாம் நானா மேடம் டைப் பண்ணேன்?"

வேன் போய்விட்டது.

மறுநாள் தைலம்மாள் வீட்டுக்குப் போனாள். பச்சைமுத்து கூடத்தில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். எழிலன் சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். தைலம்மாள், "போஸ்டர் போட்டவன் எவனோ, நீ இன்னா பண்ணுவ. உக்காரு" என்றாள். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தப்பித்திருக்கலாம். ஜெயசுதா நின்றபடியே சொன்னாள்.

"தாலிய அழிச்சது அவங்கதான் அத்த. ஆனா விதவன்னு மொதல்ல எழுதுனது நானு. பசி, புள்ளைங்க விட்டுட்டாங்க, எல்லாம் நான் எழுதுனதுதான். அப்டிப் போட்டாத்தான் விக்கும்னாங்க."

கடலை உரிக்கிற சத்தம் நின்றது.

தைலம்மாள் அவள் பக்கம் திரும்பினாள். "எத்தினி பசங்களுக்கு ஆக்கிப் போட்டவ நானு," என்றாள் மெதுவாக. "இந்த ஊர்ல பாதிப்பேரு எங்கையால முட்ட வாங்கித் துன்னவங்க. நீயுந்தான் துன்ன. என்னப் போயி பசின்னு எழுதியிருக்க." கணவர் பக்கம் கையைக் காட்டினாள். "இவுரு குந்தினு இருக்காரு பாரு. நல்லாப் பாத்துக்கோ. பாத்துட்டுப் போயிடு."

ஜெயசுதா வெளியே வந்தபோது எழிலன்தான் கதவைச் சாத்தினான். வேகமாகச் சாத்தவில்லை.

அன்றே இன்ஸ்டாகிராம் பக்கத்தை அழித்தாள். அந்தச் சொற்களைப் போட்டு ஏற்றியிருந்த படங்களையெல்லாம் எடுத்தாள். எழிலன் சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுத்தான், அந்த க்யூஆர் கோடு முடங்கியது. வேறொரு கோடோடு அதே போஸ்டர் ஆடியில் மறுபடி வந்தது. தைலம்மாள் இப்போது ஜெராக்ஸுக்கு எதிர்க்கடைக்குப் போகிறாள். வழியில் எதிர்ப்பட்டால் பச்சைமுத்து மட்டும் தலையசைப்பார், டீ சாப்பிட்டாயா என்று கேட்பதில்லை.

புரட்டாசியில் ஓர் ஆள் பென் டிரைவோடு ஸ்டுடியோவுக்கு வந்தான். ஏதோ சங்கத்தின் முதியோர் தின ஃபிளெக்ஸுக்கு ஒரு படத்தைத் துடைத்துப் பெரிதாக்கித் தர வேண்டுமாம். திறந்து பார்த்தால் தைலம்மாள். நெட்டில் கிடைத்தது என்றான். முடியாது என்று ஜெயசுதா திருப்பி அனுப்பினாள். ஃபிளெக்ஸ் அடிக்க ஊரில் கடைக்கா பஞ்சம்? சாயங்காலம் கூட்ரோட்டு முனையில் ஆள் உயரத்துக்கு அந்த முகம் தொங்கியது.

மறுநாள் காலை அவள் ஸ்டுடியோ ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய், பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் பார்க்க, காகிதம் வெட்டுகிற கத்தியால் கயிறுகளை அறுத்தாள். அவிழ்ந்து விழுந்ததை முகம் உள்ளே போகும்படி மடித்தாள். குப்பையில் போட்டால் யாராவது எடுத்துக் கூரைக்கு விரிப்பார்கள். கொளுத்தலாம் என்றால், உயிரோடிருக்கிற மனுஷி முகத்தில் எப்படித் தீ வைப்பது?

கடைசியில் ஸ்டுடியோவுக்கே எடுத்து வந்து, பின்னறையில் பழைய சட்டங்களுக்குப் பின்னால் செருகி வைத்தாள். ஃபிளெக்ஸின் பெயின்ட் வாடை அறையெல்லாம் பரவியது. படமெடுக்க வந்த பெண் மூக்கைச் சுளித்து, "இன்னாக்கா நாத்தம்" என்றாள். ஜெயசுதா ஜன்னலைத் திறந்துவிட்டு, அவளை நேராக உட்காரச் சொன்னாள்.